எழுபது வயதுக்கு வைத்த பாட்டில்

நான் குடிக்காதவன். என் வீட்டில் ஓர் அலமாரி நிறையப் பழைய விஸ்கி பாட்டில்கள் இருக்கின்றன. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் எதிரே இருப்பவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், எழுந்து போய்விடலாம் போலிருக்கும். தபால்தலை சேர்ப்பவனைப் பார்த்து, ஏன் ஐயா நீர் யாருக்கும் கடிதமே போடுவதில்லை என்று எவனாவது கேட்கிறானா? எனக்குப் பிடித்தது அந்தக் கண்ணாடி, வாயை மூடியிருக்கும் ஈயத் தகடு, மூலை கிழிந்த லேபிள், கழுத்துவரை நிற்கும் அந்தப் பழுப்பு. திறக்காதவரைக்கும்தான் அது பாட்டில். திறந்துவிட்டால் வெறும் சரக்கு. இதுதான் என் கட்சி. இந்தக் கட்சியில் உறுப்பினர் நான் ஒருவன்தான் என்று தெரிய எனக்கு எழுபது வயதாக வேண்டியிருந்தது.

என் மனைவிக்கு ஆரம்பம் முதலே இது பிடிக்காது. "பூஜை அறை சுவர்ப் பக்கம் அந்தக் கண்றாவி வரப்படாது" என்று முதல் பாட்டில் வந்த அன்றே சொல்லிவிட்டாள். அதனால் அலமாரி பால்கனிப் பக்கம் போனது. நவராத்திரிக்குக் கொலு பார்க்க மாமிகள் வரும்போது என் பழைய வேஷ்டி ஒன்று அதற்குத் திரையாகும். வங்காளத்துக்குப் பிழைக்க வந்து லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அந்த வேஷ்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் சுண்டலை வாங்கிக்கொண்டு தெரியாததுபோல் பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள்.

இப்போது சொல்ல வருவது அந்த அலமாரியில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் மட்டும் இருந்த ஒரு பாட்டிலைப் பற்றி. அதைவிட, மற்ற வருஷங்களில் அதை வைத்திருந்தவனைப் பற்றி.

ரஸ்ஸல் தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஏலம் நடக்கும் கடைகள் இருக்கின்றன. காலி செய்த பங்களாக்களின் சாமான்கள் எல்லாம் அங்கே வரும். சாய்வு நாற்காலி, பியானோ, பீங்கான் நாய்கள், நடுவே சில சமயம் ஒரு பாட்டில். பல வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிறு வந்தது குட்டையான பச்சைக் கண்ணாடி. லேபிளில் ஒரு கலங்கரை விளக்கமும் சின்னப் படகும். ஈயத் தகடு கலையவில்லை. நான் கையைத் தூக்கினேன். பின் வரிசையில் ஒருவன் தூக்கினான். நான் மறுபடி. அவன் மறுபடி. ஏலம் விடுகிறவருக்கு ஒரே குஷி. இரண்டு முட்டாள்கள் ஒரே நாளில் கிடைப்பது லேசா? கடைசியில் அவனே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏய் மெட்ராஸி, இப்படியே போனா ரெண்டு பேரும் வீட்டை வித்துடுவோம். பாதிப் பாதி போட்டுக்கலாமா?" என்றான்.

நாங்கள் பேசியதெல்லாம் வங்காள மொழியில்தான். தமிழில் எழுதினால் அவன் குரல் இப்படித்தான் எனக்குக் கேட்கிறது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அதனால் இந்த ஊர் வழக்கப்படி தாதா என்று கூப்பிடுவேன், அண்ணன் என்று அர்த்தம். எழுதும்போது மட்டும் அவன் இவன் என்று வருகிறது. வரட்டும். அவனுக்கு அதுவே அதிகம்.

ஒரு டீ கம்பெனியில் டீ ருசி பார்க்கும் உத்தியோகம் அவனுக்கு. வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, ஸ்பூனில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சித் துப்பி, எந்தத் தோட்டம், எந்த மாதம் பறித்தது என்று சொல்லிவிடுவான். சாயங்காலத்தில் துப்பாமல் குடிக்கிற சமாசாரமும் உண்டு. வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அன்றைக்கு ஏலக் கடைக்கு வெளியே மண் குவளையில் டீ குடித்துக்கொண்டு கேட்டான். "நீ குடிக்கவும் மாட்டே, என்னையும் திறக்க விடமாட்டே. அப்புறம் எதுக்கு இது?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எனக்கு எழுபது வயசு ஆகட்டும். அன்னிக்கு நாம ரெண்டு பேரும் திறப்போம். என் ஆயுசுக்கு ஒரே ஒரு வாய், உன்னோட."

நான் விளையாட்டாகச் சொன்னதை அவன் பிடித்துக்கொண்டான். என் உள்ளங்கையில் அடித்து வாக்குக் கொடுத்தான். நானும் கொடுத்தேன். அப்போது எழுபது என்பது வேறு யாருக்கோ வரப்போகிற வயதுபோல இருந்தது.

பாட்டில் யார் வீட்டில் இருப்பது என்று அடுத்த கேள்வி. அதற்கும் அவன்தான் வழி கண்டுபிடித்தான். துர்கா பூஜை முடிந்து விஜயதசமிக்குப் பிறகு இங்கே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கட்டித் தழுவிக்கொள்வார்கள். பெரியவர்களை விழுந்து வணங்கி, தேங்காய் உருண்டையும் சந்தேஷ் என்ற பால் இனிப்பும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். பிஜோயா என்று பெயர். அந்த நாளில் பாட்டில் வீடு மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு வருஷம் நான் அதைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன். மறு வருஷம் அவன் என் வீட்டுக்கு. வாசலிலேயே பாட்டிலைக் கைமாற்றிவிட்டு அப்புறம்தான் தழுவல். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எத்தனையோ வருஷம் இது நடந்தது. நடுவில் சண்டை போட்டிருக்கிறோம், அரசியல் பேசி மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறோம். பிஜோயாவுக்குப் பாட்டில் வராமல் இருந்ததில்லை.

எழுபது வந்தது. அந்த வருஷம் பாட்டில் இருப்பது அவன் வீட்டு முறை.

பிறந்தநாள் அன்று காலையில் சாஸ்திரிகள் வந்து ஹோமம் செய்து, குடம் குடமாக என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். புது வேஷ்டி. மனைவி கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தேன் என்று அவளே சொன்னாள். சாயங்காலம் அவன் வீட்டுக்குக் கிளம்பும்போது, "காலையில பண்ணின புண்ணியத்தை சாயங்காலமே தொலைச்சுட்டு வாங்கோ" என்றும் அவளே சொன்னாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாண மாப்பிள்ளைபோல் நெஞ்சு படபடத்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அவன் மனைவி பௌதி, அதாவது அண்ணி. மகன், மருமகள். சிலிகுரியிலிருந்து பௌதியின் தம்பிகூட வந்திருந்தான். எல்லோரும் கூடத்து வாசற்படியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். என் மரியாதைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். மேஜைமேல் நம் பச்சைப் பாட்டில், திறந்து, காலியாக. பக்கத்தில் பூ வெட்டிய கண்ணாடி ஜாடி ஒன்றில் அந்தப் பழுப்பு.

எனக்குச் சுருக்கென்றது. "என்ன தாதா, நான் வர்றதுக்குள்ளே திறந்துட்டே?"

"கார்க் பொடிப் பொடியா உதிர்ந்துடுச்சுப்பா. எத்தனை வயசு அதுக்கு! மஸ்லின் துணியிலே வடிகட்ட வேண்டியிருந்தது. உன் தொண்டையிலே கார்க் மாட்டினா உன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?"

நியாயம்தான். பழைய கார்க் உதிரும், எனக்கே தெரியும். காலிப் பாட்டிலை என் மூக்கின் கீழே நீட்டினான். மரமும் புகையுமாக ஒரு நெடி, கண் கரித்தது. அப்புறம் ஜாடியிலிருந்து இரண்டு கிளாஸ்களில் ஊற்றினான். கொஞ்சமாக எடுத்து வாயில் வைத்தேன்.

கசந்தது. பின்னாலேயே மெல்லிய இனிப்பு. "கஷாயம் மாதிரி இருக்கே" என்றேன்.

வாசற்படியில் ஒரு சலசலப்பு. அவன் சிரிக்காமல், "உசந்த சரக்குன்னா அப்படித்தான். மலிவானதுதான் தொண்டையை எரிக்கும்" என்றான். தன் கிளாஸை உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டான். "எப்படி?" என்று கேட்டான்.

"அமிர்தம்" என்றேன்.

ஒரு கிளாஸ் முடிந்தது. தலை லேசாவதுபோல் இருந்தது. கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாள் வாய்வரை வந்து திரும்பிப்போன பேச்செல்லாம் வெளியே வந்துவிட்டது. குடித்தவன் அப்படித்தான் பேசுவான் என்று சினிமாவில் பார்த்திருக்கிறேனே, நானும் பேசினேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குன்னு ஒரு தம்பி மெட்ராஸ்ல இருக்கான். அப்பா போனப்ப எல்லாம் ஆறினதுக்கப்புறம்தான் வந்தான். கேவராதலா சுடுகாடு வரைக்கும் தோள் கொடுத்தது நீ. என் பொண்ணு கனடாவிலே இருக்கா. எனக்கு ஒண்ணுன்னா அவ வந்து சேர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் எனக்கு நீதான். நீ என் அண்ணன் தாதா. கூடப்பிறந்த அண்ணன்."

சொல்லிவிட்டு அழுதேன். எழுபது வயதுக் கிழவன், புது வேஷ்டியோடு, ஒரு வீடே பார்த்துக்கொண்டு நிற்க, மூக்கைச் சிந்தி அழுதேன். அவன் என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான். "நான் இருக்கேன். எங்கேயும் போக மாட்டேன்" என்றான். அவன் மகன் என்னைத் தாங்கலாகப் பிடித்து வீட்டு கேட் வரை கொண்டுவந்து விட்டான்.

மனைவி முகர்ந்து பார்த்தாள். "வாடையே வரலையே?"

"உசந்த சரக்குக்கு வாடை வராது" என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் போட்ட ஆட்டம் கொஞ்சமா? காபிப்பொடி வாங்கப் போன இடத்தில், பூங்காவில் நடக்கிற இடத்தில், டெலிபோனில் மகளிடம், எங்கும் அதே புராணம்தான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை குடித்தேன், அதுவும் இப்பேர்ப்பட்டதைக் குடித்தேன் என்று.

மழை விடும் சமயத்தில் அலிப்பூரிலிருந்து ஓர் அழைப்பு. அங்கே கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறவர் ஒருவர், அவரும் பாட்டில் சேர்க்கிறவர். எங்களைப்போல நாலைந்து பேரை வீட்டுக்கு அழைத்து, தன்னிடமிருந்த பழைய பாட்டில் ஒன்றை எல்லோர் முன்னாலும் திறந்தார். முன்பெல்லாம் எனக்கு எலுமிச்சை ஜூஸ்தான் வரும். இந்தத் தடவை நானே கிளாஸை நீட்டினேன். ஒரே ஒரு தடவை என்ற புராணம் போனால் போகிறது, ருசி அறிந்தவன் என்ற கெத்து வந்துவிட்டதே.

வாயில் வைத்தேன். நெருப்பு. தொண்டை, மூக்கு, காது எல்லாம் எரிந்தது. இருமி இருமிக் கண்ணில் நீர். பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டினார். மூச்சு வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வக்கீலைப் பார்த்து, "மன்னிக்கணும், இது கெட்டுப்போச்சு. யாரோ உங்களை ஏமாத்திட்டாங்க" என்றேன்.

 மற்றவர்கள் தங்கள் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்கள். வக்கீல் கோபித்துக்கொள்ளவில்லை. கூண்டில் நிற்பவனை விசாரிப்பதுபோல் நிதானமாகக் கேட்டார்.

"நல்லது எப்படி இருக்கும்?"

"கசப்பு, அப்புறம் இனிப்பு. கஷாயம் மாதிரி."

"தொண்டை எரிஞ்சுதா?"

"உசந்தது எரிக்காது."

"வாசனை கிளாஸ்லயா, பாட்டில்லயா?"

யோசித்தேன். "பாட்டில்ல."

"பாட்டில்லேருந்து ஊத்தினதை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை. முன்னாடியே ஜாடியிலே ஊத்தி வெச்சிருந்தான்."

"உங்க நண்பர் என்ன உத்தியோகம் பார்த்தார்?"

 பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். வக்கீல் என் கிளாஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எலுமிச்சை ஜூஸ் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன். பௌதிதான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"அது டீதானே?" என்றேன்.

செய்தித்தாளை மடித்தான். ஒரு தடவை மறுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். "நல்ல டீ. அஸ்ஸாம். உனக்காக நானே பார்த்து எடுத்தேன்" என்றான். "கூட சிராதா தண்ணி கொஞ்சம், காய்ச்சின சர்க்கரை கொஞ்சம்." சிராதா என்பது நம் நிலவேம்பு மாதிரி ஒரு கசப்பு. இரவில் ஊறவைத்துக் காலையில் குடிப்பார்கள். கஷாயம் என்று சொன்னேனே, கஷாயம்தான். என் நாக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

"விஸ்கி எங்கே?"

"மே மாசம் வோட்டுப் போட்டோமில்லையா, அப்ப கடையெல்லாம் மூடிட்டாங்க. மச்சான் வந்திருந்தான். வெயில் வேற. ஒரு சொட்டு கிடைக்கலை எங்கேயும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒரு வாய்தான்னு திறந்தோம். மீன் வறுவல் இருந்தது, சோடா இருந்தது."

சோடா! கேட்டீர்களா? ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு பெரிய சந்தோஷம், ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும். கடை மூடியிருந்ததாம். கடை திறந்திருந்தால் நான் அவனுக்குத் தம்பி. கடை மூடினால் சோடாவுக்குத் தொட்டுக்கொள்ள நான். இத்தனை வருஷம் துணிப்பையில் வைத்துக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு போனேனே, வறுத்த மீனோடு தீர்த்திருக்கிறார்கள்.

"குடிச்சதை விடு. குடிச்சுட்டேன், மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என் வாயிலே டீயை ஊத்தி, எப்படின்னு கேட்டியே, அது எதுக்கு?"

"நீ ஆசையா வந்தே. புது வேஷ்டி கட்டிக்கிட்டு வந்தே. எப்படிச் சொல்றது?"

சமையலறையிலிருந்து பௌதியின் குரல் வந்தது. "நான் அப்பவே வேண்டாம்னுதான் சொன்னேன்." அவளுக்கும் தெரியும். மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும். குடித்த மச்சானே நின்று பார்த்திருக்கிறான். வாசற்படியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், அறையில் தெரியாதவன் நான் ஒருவன். டீயைக் குடித்துவிட்டுத் தள்ளாடினேன். டீயைக் குடித்துவிட்டு அழுதேன். என்னைத் தாங்கிப் பிடித்து கேட் வரை வந்த அந்தப் பையன் எப்படித்தான் சிரிப்பை அடக்கினானோ.

கடைசியாக ஒன்று கேட்டேன். "எங்கேயும் போக மாட்டேன்னு கையைப் பிடிச்சுச் சொன்னியே. அதுவும் இந்த டீ மாதிரிதானா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அன்னிக்கு நானும் டீதான் குடிச்சேன். தெளிவாத்தான் இருந்தேன்" என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். "வெளுத்ததெல்லாம் பால், பழுத்ததெல்லாம் விஸ்கி உங்களுக்கு. போறது போங்கோ, புண்ணியம் தொலையலை, டீதானே குடிச்சேள்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, தட்டில் சாதம் போட்டாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரி காதில் பூச்சுற்றினால் துடைத்துப் போட்டுவிடலாம். இவன் கூடவே இருந்து குழி பறித்தவன். அதையும் நிதானமாக, அஸ்ஸாம் டீ தேர்ந்தெடுத்துச் செய்திருக்கிறான். என் மனசின் அடியில் இருந்ததை ஒரு தடவைதான் வெளியே எடுத்தேன். அதை எடுத்த இடம் ஒரு கேலிக்கூத்தின் மேடை. குடிபோதையில் உளறினேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லாமல் செய்துவிட்டான் படுபாவி. சொன்னதெல்லாம் நான் தெளிவாக இருந்து சொன்னது.

அந்த பிஜோயாவுக்கு அவன் வந்தான். முறைப்படி பாட்டில் என் வீட்டுக்கு வரவேண்டிய வருஷம். ஒரு கையில் சந்தேஷ் டப்பா, ஒரு கையில் துணிப்பை. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தழுவவும் இல்லை. மனைவி டப்பாவை வாங்கிக்கொண்டு காபி கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, காலிப் பாட்டிலைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் போனான். அதை நான் அலமாரியில் சேர்க்கவில்லை. மனைவி அதில் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வைத்துவிட்டாள். துளிர்த்துக்கொண்டிருக்கிறது.

குளிர் தொடங்கியபோது எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. பெரிய விஷயமில்லை என்றார் டாக்டர். மகள் கனடாவிலிருந்து கிளம்பட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். நர்ஸிங் ஹோம் கவுண்டரில் ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெயர், வயது எல்லாம் கேட்டுக்கொண்டு, "பேஷண்ட் பார்ட்டி யாரு?" என்றாள். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் அதுதான் பேச்சு. மருந்துக்கு ஓட, ரத்தத்துக்கு அலைய, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். அவன்தான் பார்ட்டி.

"இதோ, என் மனைவி."

"பாட்டிம்மா சரி. கூப்பிட்டா உடனே ஓடிவர ஒருத்தர் வேணும் தாத்தா. நம்பர் சொல்லுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள்.  மெட்ராஸ் தம்பியின் நம்பர் போனில் தேடினால்தான் கிடைக்கும். அந்தப் பாவியின் நம்பர் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் தட்டிக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன வேணும் அவர்?"

அவனை நான் மன்னிக்கவில்லை. இன்றுவரை மன்னிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அண்ணன்" என்றேன்.

ஆபரேஷன் என்று காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.